கடைசிப் பத்து மீட்டர்: நீலகிரியிலும் பழனி மலையிலும் ஜியோகேச்சிங்

ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் குட்டி நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவார்கள். ஜியோகேச்சிங் என்றால் இவ்வளவுதான். டப்பாவுக்குப் பெயர் கேச்.

சமவெளியில் இது அரை மணி நேர வேலை. மலையில் அந்த எண் உங்களைப் பத்துப் பதினைந்து மீட்டர் வரை கூட்டிக்கொண்டு போய் அங்கே கையை விரித்துவிடும். அதற்குமேல் கண்ணும் பொறுமையும்தான். ஒளித்து வைப்பவருக்கு வேறு சிக்கல்: நீலகிரியிலும் கொடைக்கானலிலும் டப்பா வைக்கக் கூடாத இடங்கள்தான் அதிகம்.

இரண்டே நாளில் பிறந்த விளையாட்டு

2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். மே 2 அன்று, அதிபர் கிளிண்டனின் உத்தரவுப்படி, அந்தக் கலப்படம் நின்றது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் பாதி புதைத்து வைத்தார். வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800' என்ற எண்ணை ஜிபிஎஸ் ஆர்வலர்கள் யூஸ்நெட்டில் நடத்திய இணைய விவாதக் குழுவில் போட்டார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். ஏதாவது எடுத்தால் ஏதாவது வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. மூன்று நாளுக்குள் இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டார்கள். முதலில் கண்டுபிடித்தவர் மைக் டீக்.

அந்த மாதக் கடைசியில் மாட் ஸ்டம் என்பவர் 'ஜியோகேச்சிங்' என்ற பெயரைச் சொன்னார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் 75 கேச்களோடு தொடங்கிய தளம்தான் இன்றைய பெரிய தளமான geocaching.com. எண் இல்லாமல் குறிப்பை மட்டும் வைத்துப் பெட்டி தேடும் பழக்கம் இங்கிலாந்தின் டார்ட்மூரில் 1854லேயே இருந்தது. ஆனால் அதற்கும் இதற்கும் நடுவில் அந்த நூறு மீட்டர் இருந்தது.

ஒரு வேடிக்கை: உல்மரின் வாளியை இன்றைக்குப் பதிவுக்கு அனுப்பினால் தேறாது. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, உள்ளே உணவுப் பொருள் கூடாது. இரண்டு விதியையும் முதல் கேச்சே மீறியிருக்கிறது.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

ஜியோகேச் எண் பாகையிலும், தசமப் புள்ளியோடு கூடிய நிமிடத்திலும் வரும். சும்மா ஓர் எடுத்துக்காட்டு: வடக்கு 11° 24.612', கிழக்கு 76° 42.000'. ஊட்டி நகரப் பக்கம் விழும் எண் இது. போனில் இருக்கும் மேப்போ பெரும்பாலும் பாகையை மட்டும் தசமத்தில் கேட்கும். புதிதாக வருபவர் 11.24612, 76.42000 என்று அடித்துவிடுவார். சரியான கணக்கு, நிமிடத்தை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டுவது: 11.41020, 76.70000. தப்பாக அடித்தால் தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, கேரளக் காட்டுக்குள் அம்புக்குறி நிற்கும். ஊட்டி எண்ணுக்கு மேப் கேரளாவைக் காட்டினால் போனைத் திட்ட வேண்டாம், வகுத்தலைப் பாருங்கள்.

நிமிடத்தின் கடைசி இலக்கம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, தரையில் சுமார் 1.85 மீட்டர். நம் மலைகள் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கிழக்கு-மேற்கிலும் ஏறத்தாழ அதே அளவுதான், 1.82. இந்த ஒரு கணக்கு மனத்தில் இருந்தால் போதும். திரையில் 24.605 என்று ஓடுகிறது, வேண்டியது 24.612 என்றால், இன்னும் ஏழு புள்ளி, பதின்மூன்று மீட்டர் வடக்கே.

புறப்படுமுன்

தனி ஜிபிஎஸ் கருவி கட்டாயமில்லை, நல்ல ஆண்ட்ராய்டு போன் போதும். அதிகாரபூர்வச் செயலியின் இலவசக் கணக்கில் எல்லா கேச்சும் தெரியாது. சி:ஜியோ என்ற இலவசச் செயலியில் கேச் பக்கத்தைப் போனிலேயே சேமித்துக்கொள்ளலாம். ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்ம்ஆண்டில் தமிழ்நாடு மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். கோத்தகிரியின் எஸ்டேட் சரிவுகளிலும் கொடைக்கானலின் மேல்மலைக் கிராமங்களிலும் டவர் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

டவர் இல்லாத இடத்தில் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் எழுந்திருக்க நேரமாகும். சாட்டிலைட் எங்கெங்கே நிற்கிறது என்ற தகவலை வழக்கமாக இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் போன், இப்போது சாட்டிலைட்டிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் அரை நிமிடம் இடைவிடாமல் சிக்னல் வர வேண்டும். மரத்தடியில் அது அறுந்து அறுந்து வரும். ஆகவே பஸ்ஸை விட்டு இறங்கியதும் வானம் தெரியும் இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் மேப்பைத் திறந்து வைத்திருந்துவிட்டு அப்புறம் மரங்களுக்குள் நுழையுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: கூர் சீவிய பென்சில் இரண்டு (மைக்ரோ எனப்படும் மிகச் சிறிய டப்பாவுக்குள் பென்சில் வைக்க இடம் இருக்காது), முழங்கை நீளக் குச்சி, சின்ன டார்ச், பவர் பேங்க், உலர்ந்த பருத்தித் துணி, மழைக்கோட்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கும், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் வெளிநாட்டுக் கருவிகளை நம் நாட்டில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். நண்பர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம். வெளியூர் வண்டியில் வருபவர்களுக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. அதையும் முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

கேச் பக்கத்தில் இரண்டு மதிப்பெண் இருக்கும், 1 முதல் 5 வரை, அரை அரையாக. முதலாவது, கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம். இரண்டாவது, போய்ச் சேருவது எவ்வளவு கடினம். இரண்டாவதில் 1 என்றால் சக்கர நாற்காலியே போகலாம். 5 என்றால் கயிறு, படகு போன்ற கருவி தேவை. முதல் பத்து கேச் வரை இரண்டும் 2க்குள் இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

தேடும்போது

செயலி காட்டும் தூரம் பறவை பறக்கும் தூரம். குன்னூர்ச் சரிவில் '180 மீட்டர்' என்று அம்பு காட்டும். நடுவில் ஒரு பள்ளம், அதற்குள் ஓர் ஓடை, எதிர்ச் சரிவில் கேச். சுற்றிப் போகும் பாதை இரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். சமோச்சக் கோடுள்ள (ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடு) மேப்பைத் திறந்து, உங்களுக்கும் கேச்சுக்கும் நடுவில் கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். நெருங்கியிருந்தால் பாதையை விட்டு இறங்காதீர்கள். தேயிலைக்குள் குறுக்கே புகுந்து இறங்கினால் செடி ஒடியும், தோட்டத்தாரின் கோபம் வரும். கவாத்து செய்த செடியின் கட்டை காலைக் கிழிக்கும்.

20 மீட்டர் இருக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். திறந்த வெளியில் போன் சுமார் 5 மீட்டர் பிசகும். ஒளித்தவரின் போனும் அதே அளவு பிசகியிருக்கும். ஆகவே தேட வேண்டியது ஒரு புள்ளியை அல்ல, பத்து மீட்டர் வட்டத்தை. சோலைக்குள்ளோ பாறைச் சுவரை ஒட்டியோ நின்றால் வட்டம் இருபதாகும். சிக்னல் நேராக வராமல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால், அது வந்த தூரத்தைப் போன் கூடுதலாகக் கணக்கிட்டுவிடுகிறது. மழை முடிந்த கையோடு, ஈரம் சொட்டும் இலைகளுக்கு அடியில் இன்னும் மோசம்.

நின்ற இடத்தில் அம்புக்குறி சுற்றிச் சுற்றி வருவதும் இதனால்தான். அதைத் துரத்திக்கொண்டு வட்டம் போடாதீர்கள். பழகியவர்கள் செய்வது இது: 15 மீட்டர் தள்ளி, வானம் கொஞ்சம் தெரியும் இடத்தில் நின்று போனை அசைக்காமல் ஒரு நிமிடம் விடுவது. அம்பு காட்டும் திசையில் ஒரு மரத்தையோ பாறையையோ கண்ணால் குறித்துக்கொள்வது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, வேறு திசையிலிருந்து அதையே செய்வது. மூன்றாவது திசையிலிருந்தும் ஒருமுறை. மூன்று கோடும் சந்திக்கும் இடத்தில் போனைப் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள்.

இனி தேட வேண்டியது டப்பாவை இல்லை. மலை தானாகச் செய்யாத எதையாவது. ஒரே நீளத்தில் வரிசையாகக் கிடக்கும் சீகைக் குச்சிகள். பாசி படிந்த பக்கம் கீழே போய்விட்ட ஒரு கல். அதை யாரோ புரட்டியிருக்கிறார்கள். தைல மரப்பட்டை மரத்திலிருந்து நீள நீளமாக உரிந்து கன்னாபின்னாவென்று விழும். அதுவே ஒரு பொந்தின் வாயில் கதவு மாதிரி நிறுத்தி வைத்திருந்தால் உள்ளே பாருங்கள். முதலில் முழங்கால் உயரம், பிறகு தரை, கடைசியில் கண் மட்டத்துக்கு மேல்.

பொந்துக்குள்ளும் கல்லிடுக்கிலும் எடுத்த எடுப்பில் கையை விடக் கூடாது. முதலில் டார்ச், பிறகு குச்சி, கடைசியில்தான் கை. குழிவிரியன் கிளையோடு கிளையாக, கல்லோடு கல்லாக அசையாமல் கிடக்கும். காஞ்சொறி மேலே பட்டால் எரிச்சல் போக வெகுநேரமாகும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். கால்சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். தேயிலை ஓரத்தில் விடியலிலும் அந்தியிலும் கரடி நடமாட்டம் உண்டு. காட்டெருமை வழியில் நின்றால் வழி அதனுடையது. திரும்பிப் போய் இன்னொரு நாள் வாருங்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பத்தடி முன்னால் தெரியாது. நான்கு மணிக்குள் ரோட்டுக்கு வந்துவிடுவது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்தால்: கையைத் துடைத்துவிட்டுத் திறவுங்கள். தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் அடுத்த மாதம் அது கூழ். பொருள் எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்று வையுங்கள். மூடும்போது ரப்பர் வளையத்தில் புல்லோ மணலோ இல்லை என்று விரலை ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் தேடியும் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று பதிவு செய்யுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தொடர்ந்து மூன்று பேர் அப்படிப் பதிந்தால் டப்பா போய்விட்டது என்று வைத்தவருக்குப் புரியும்.

ஒளித்து வைக்க: முதலில் இடம்

வைக்கக் கூடாத இடங்களை முதலில் கழித்துவிடலாம். காப்புக்காடு, முதுமலை, முக்குருத்தி, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம்: கூடாது. அனுமதியின்றி உள்ளே போவதே குற்றம். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை பாஸ் வாங்கிப் போகலாமே என்றால், அந்த பாஸ் பார்க்கத்தான். பொருளை விட்டுவிட்டு வர அல்ல. வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை, அணைகள், மின்நிலையங்கள், மலை ரயில் பாதை: கூடாது. மறைவாகக் கிடக்கும் டப்பா ஒன்று இங்கெல்லாம் வெடிகுண்டு வதந்தியில்தான் போய் முடியும். கோயில், தோடர் மந்து (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு), படகர் ஹட்டிகளின் (படகர் ஊர்களின்) வழிபாட்டு இடங்கள்: கூடாது.

பழனி மலையின் தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்திட்டைகளை (பழங்கால மக்கள் பெருங்கற்களால் கட்டிய ஈமச் சின்னங்களை) தனியாகச் சொல்ல வேண்டும். கல்லால் ஆன குட்டி அறை மாதிரி இருப்பதால் டப்பா வைக்க ஆசை வரும். கிட்டே போகாதீர்கள். புதையல் ஆசையில் இவற்றைத் தோண்டிச் சிதைத்தவர்கள் உண்டு. இதே காரணத்தால், ஊர்க்காரரிடம் விளக்கும்போது 'புதையல் வேட்டை' என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அது நமக்கு விளையாட்டு, அவர்களுக்கு கடப்பாரையோடு வரும் திருடன். "போனில் இடம் பார்த்துத் தேடுற விளையாட்டுங்க, ஒரு டப்பா, உள்ளே நோட்டு இருக்கும்" என்றால் போதும்.

மீதி இருப்பவை: அனுமதி தரும் எஸ்டேட், ஹோம்ஸ்டே, தனியார் தோட்டம், கடை, நகராட்சி அல்லது ஊராட்சி ஒப்புக்கொள்ளும் பொது இடம். எந்தச் சரிவு எஸ்டேட், எது வனம் என்று சாட்டிலைட் படம் சொல்லாது. எல்லைக் கல்லைத் தோட்ட மேனேஜரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்ஆப் செய்தியானாலும் சரி. இன்னொரு கேச்சிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு. மரத்தில் ஆணி அடிப்பது, மண் தோண்டுவது, தேயிலைத் தோட்டத்துக் கல்கட்டிலிருந்து கல்லை உருவுவது எதுவும் கூடாது. ஒரு கல்லை உருவினால் அடுத்த மழையில் ஒரு முழம் சரியும்.

டப்பா

ஒரு லிட்டர் அளவில், நான்கு பக்கமும் கிளிப் பூட்டும் ரப்பர் வளையமும் உள்ள சாப்பாட்டு டப்பா நன்றாகவே தாங்கும். மைக்ரோவுக்கு, குளிர்பான பாட்டிலாக ஊதுவதற்கு முன்பிருக்கும் தடித்த பிளாஸ்டிக் குழாய் அருமை. வெளிநாட்டவர் விரும்பும் ராணுவத் தோட்டாப் பெட்டியை நம் ஊரில் நினைத்தே பார்க்கக் கூடாது. எவர்சில்வர் சம்புடம் உறுதியானதுதான், ஆனால் மூடியில் ரப்பர் இல்லாததால் தண்ணீர் போகும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இரண்டு மலையிலும் தடை இருப்பதால் கேரி பேக்கில் சுற்றி வைக்காதீர்கள்.

உள்ளே ஈரம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், பெரும்பாலான கேச் சாவது இதனால்தான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வருவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும் அல்லவா, அதேதான். கீழே மூடிய டப்பாவுக்குள் இருக்கும் காற்று மேலே வந்ததும் மூடியை வெளியே தள்ளும், ரப்பர் இடம் மாறும். ஆகவே டப்பாவை வைக்கும் இடத்தில் நின்றுதான் கடைசியாக மூட வேண்டும். அடுத்தது இரவுக் குளிர். பகலில் 22 டிகிரியில் இருந்த காற்று இரவில் 5 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 6 சதவீதம் சுருங்கும். ஒரு லிட்டர் டப்பா 60 மில்லி அளவுக்கு வெளியிலிருந்து உறிஞ்சப் பார்க்கும். மூடி விளிம்பில் மழைநீர் தேங்கியிருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். தினமும் ஒரு சொட்டு போனால்கூட ஐப்பசி, கார்த்திகை முடிவதற்குள் நோட்டு ஊறிவிடும்.

இதற்கு வழி விலையுயர்ந்த டப்பா இல்லை, வைக்கும் விதம். துருத்திய பாறைக்கு அடியில், மேலிருந்து சொட்டாத இடத்தில், தரையைத் தொடாமல் இரண்டு சிறு கற்களின்மேல், விளிம்பில் நீர் நிற்காதபடி சற்றுச் சாய்த்து வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் முதல் சில வாரம் உதவும். மூடுபனியில் நான்கைந்து முறை திறந்த பிறகு அதுவே ஈரப் பொட்டலம்தான்.

உள்ளே: அளவாக வெட்டிய நோட்டு, 2பி பென்சில், ஒரு ஷார்ப்பனர். பேனா வேண்டாம், ஈரத்தில் மை பரவும். பரிமாற்றப் பொருளாக பேட்ஜ், கோலிக்குண்டு, சாவி வளையம், பழைய நாணயம். வர்க்கி, ஊட்டி சாக்லெட், தைல பாட்டில், சோப்பு, ஊதுபத்தி எதுவும் கூடாது. வாசனைக்குக் குரங்கும் எலியும் கரடியும் வரும், டப்பாவில் பல் பதியும். வெளியே பளபளப்பில்லாத பழுப்பு வர்ணம் பூசுங்கள். அடிப்பக்கத்தை மட்டும் பூசாமல் விட்டால், எடுத்துப் பார்ப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். உள்பக்கத்தில், எழுத்து வெளியிலிருந்து தெரியும்படி ஒட்ட வேண்டிய லேபிள்:

"இது ஜியோகேச்சிங் என்ற விளையாட்டுக்கான டப்பா. ஆபத்தான பொருள் எதுவும் இல்லை. நில உரிமையாளர் அனுமதியுடன் வைக்கப்பட்டது. தயவுசெய்து இங்கேயே விட்டுவிடுங்கள். இடையூறாக இருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம்."

தமிழில் எழுதாத லேபிளைத் தேயிலை பறிக்க வருபவர் எப்படிப் படிப்பார்?

எண் எடுப்பதும் பதிவும்

டப்பாமேல் போனை வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள், எண்ணைக் குறியுங்கள். வெவ்வேறு நாளில் இன்னும் இரண்டு முறை. மூன்று நாளும் 24.612, 24.617, 24.610 என்று வந்தால் சராசரி 24.613. இரண்டாம் நாள் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் ஏழு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். சரிவில் அது இன்னொரு அடுக்குத் தேயிலை. மூன்றில் ஒன்று மட்டும் இருபது மீட்டர் விலகினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

பதிவுப் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடத்தின் எண்ணையும், பாதை பிரியும் இடத்தையும் தனியாகக் கொடுங்கள். இதைக் கொடுக்காததால்தான் ஆட்கள் சரிவில் குறுக்கே இறங்குகிறார்கள். தன்னார்வப் பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பக்கம் வெளிவரும். அனுமதி தந்தவர் யார் என்று அவருக்கு எழுதுங்கள். துப்பு எழுதும் கட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. தளம் அதை ஆங்கில எழுத்தைப் பதின்மூன்று இடம் தள்ளி மறைத்துக் காட்டும். தமிழில் எழுதினால் தள்ள முடியாது, துப்பு அப்படியே அம்மணமாகத் தெரியும். விவரத்தைத் தமிழில் எழுதுங்கள், துப்பை மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதிவிடுங்கள்.

டப்பாவே இல்லாத கேச்

இவ்வளவு தடை இருக்கும் மலைக்கு 2004ல் வந்த எர்த்கேச் வகை பொருத்தம். டப்பா கிடையாது. ஒரு பாறையையோ மண்ணையோ போய்ப் பார்த்து, அங்கு நின்றால் மட்டுமே சொல்ல முடிகிற கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. பரங்கிமலையிலும் இதே இனம்தான். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவில் உள்ள கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர். ரோட்டோரப் பாறை வெட்டில் புதிதாக உடைந்த முகம் கரும்பச்சையாகவும், வெயில் மழை பட்ட தோல் பழுப்பாகவும் இருக்கும். 'தோல் எத்தனை விரல் தடிமன்?' என்பது நல்ல கேள்வி. 'இந்தப் பாறையின் பெயர் என்ன?' என்பது மோசமான கேள்வி, வீட்டிலிருந்தே பதில் வந்துவிடும். இதற்கும் நில உரிமையாளர் அனுமதி தேவை. பாறையை உடைத்து எடுக்கச் சொல்லக் கூடாது.

பராமரிப்பு

சுற்றுலா வந்த இடத்தில் டப்பாவை வைத்துவிட்டுச் சென்னை திரும்புவது முறையில்லை. உள்ளூரில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்திலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர் தொடக்கத்திலும் ஒருமுறை போய் ரப்பர், நோட்டு, லேபிள் மூன்றையும் பாருங்கள். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் டப்பாவையே மாற்றுங்கள். டப்பாவைச் சுற்றி புல் மிதிபட்டு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தால் இடத்தை மாற்றுங்கள்; முதல் மழையில் மண் அந்த வழியாகத்தான் இறங்கும். போகும்போது ஒரு சாக்கு கொண்டுபோய் வழியில் கிடக்கும் கண்ணாடிப் பாட்டிலைப் பொறுக்கி வருவது 2002லிருந்தே இந்த விளையாட்டின் வழக்கம்.

எஸ்டேட் கைமாறினால் பழைய அனுமதி செல்லாது, புதியவரிடம் மறுபடி கேளுங்கள். மறுத்துவிட்டால் முதலில் தளத்தில் கேச்சை நிறுத்திவையுங்கள். பிறகு போய் டப்பாவையும் அடியில் வைத்த கற்களையும் எடுத்துவிட்டு, பக்கத்தை நிரந்தரமாக மூடுங்கள். இந்த வரிசை மாறினால், இல்லாத டப்பாவைத் தேடி யாராவது அந்தச் சரிவில் கல்லைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.